ஓரத்தில் நின்ற ஈரம்

கண்ணாடி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். வைத்தவர் யாராக இருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருந்தார். படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடை மாடியில் ஞாயிறுதோறும் கூடி வாட்டர்கலர் தீட்டும் கூட்டத்தில், பக்கத்தில் யார் உட்கார்கிறார்களோ அவர்களைப் போலவே அவள் தீட்டிவிடுவாள். மருந்துக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் காகிதம் முழுக்கத் தண்ணீர் ஓடும். அவருக்கு அங்கே வெள்ளம் என்று பெயர். தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் மரம், மாடு, மேகம் எல்லாவற்றுக்கும் பேனாவால் கரை கட்டிவிடுவாள். அவர் பெயர் கோடு. வேண்டுமென்று செய்வதில்லை. கை தானாகப் போய்விடும்.

அந்தக் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு விளையாட்டு உண்டு. 'யார் கை' என்று பெயர். ஆளுக்கொரு படத்தை வீட்டில் தீட்டி, கையெழுத்துப் போடாமல், தாளில் சுற்றிக் கொண்டுவந்து பிரேம் அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். கடையின் சொந்தக்காரி அவர்தான். கூட்டத்தை நடத்துகிறவரும் அவர்தான். அக்கா எல்லாவற்றையும் சுவரில் மாட்டுவார். எது யாருடையது என்று மற்றவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். போன வருஷம் கண்ணாடியின் படத்துக்கு நேராக அத்தனை பேரும் வெள்ளம் என்று எழுதியிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, வெள்ளமும் தன் பெயரையே எழுதியிருந்தார். முந்தின ஞாயிறு அவர் பக்கத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள், இருவரும் மழையில் நனைந்த ரோட்டைத் தீட்டியிருந்தார்கள். தன் சொந்தப் படத்தைப் பார்த்து, "இது கண்ணாடியோடது. பாரு, என்னை மாதிரியே பண்ணிட்டா" என்று வேறு சொல்லிவிட்டார். மாடியே அதிரும்படி சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது அவள் கணவனுக்கு மட்டும் தெரியும்.

இந்த வருஷம் விளையாட்டு வெறும் விளையாட்டாக இல்லை. புதிதாகக் கட்டிய நூலகத்தில் ஒரு நீளச் சுவரை இவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பிரேம் அக்கா எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர்.

"அவங்க கேட்டிருக்கிறது வேற வேற கையை. ஒரே கையை ரெண்டு தடவ மாட்டினா நமக்குத்தான் அசிங்கம். யாரோட கைன்னு தெரியுற படம் மட்டும் சுவருக்குப் போகும். தெரியாதது வீட்டுக்குப் போகும்" என்றார்.

சொல்லிவிட்டு அக்கா யாரையும் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்தச் சுவர் வேண்டும். அவள் பார்க்கும் வேலை அப்படி. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பீங்கான் பல் செய்யும் கூடத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறாள். பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லாக எழுப்பி, சின்ன உலையில் சுட்டு எடுக்க வேண்டும். ஒரு முன்பல்லை நன்றாகச் செய்திருக்கிறாள் என்பதற்கு ஒரே சாட்சி, அது செய்த பல் என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான். பக்கத்துப் பல்லைப் போலவே இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் பெருமை. எத்தனையோ பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள், பெண் பார்க்கப் போகிறார்கள், கடன்காரனிடம் பொய் சொல்கிறார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியாது. கண்ணை மூடுவதற்குள் ஏதாவது ஒரு சுவருக்கு முன்னால் நின்று 'இது நான் செய்தது' என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. உலகத்தைப் புரட்டிப்போடும் ஆசை இல்லை. ஆனால் அது நிறைவேறாமலே போய்விடுமோ என்று நினைத்தால் பயமாக இருந்தது.

பல் செய்கிறவள் என்பது கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "ஒரு கம்பெனியில" என்று பிடி கொடுக்காமல் நழுவிவிடுவாள். காரணம் இருந்தது. முதன்முதலாக அந்த மாடிப்படி ஏறி வந்த அன்று, "வா வா" என்று பிரேம் அக்கா வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசையின் முன்பல் ஒன்றில் மயிரிழைபோல ஒரு விரிசல். பக்கத்துப் பல்லில் இருந்த விரிசலுக்கு ஜோடியாக அவளே பழுப்பு வண்ணத்தால் போட்ட விரிசல் அது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி அவளுக்குத் திக்கென்றது. அக்கா அந்தப் பல்லைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை என்பது போகப் போகத் தெரிந்தது. "இந்த வயசுலயும் ஒரு பல்லு ஆடல எனக்கு" என்று வெள்ளத்திடம் பெருமை அடித்துக்கொண்டதை அவளே காதால் கேட்டிருக்கிறாள். பல் யாருடையது என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது அவள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத சட்டம். ஆகவே வாயைக் கட்டிக்கொண்டாள்.

அதே முதல் நாளில் இன்னொன்றும் நடந்தது. வேலைப் பழக்கத்தில் இடது கையில் ஒரு டிஷ்யூவை மடித்து வைத்துக்கொண்டுதான் அவள் தீட்ட உட்கார்ந்தாள். அக்கா நேராக வந்து அதைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இங்க இது கிடையாது. வெச்ச தண்ணி வெச்சதுதான். தொடச்சு எடுக்கிறது பரீட்சையில பிட்டு வெச்சு எழுதுற மாதிரி" என்றார்.

அன்றிலிருந்து கண்ணாடி தன் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு தீட்டுவாள். கட்டிப்போடாவிட்டால் அது பாட்டுக்கு எதையாவது துடைக்கப் போய்விடும். படம் முடிந்து எழுந்தால் விரல்கள் மரத்துப்போயிருக்கும். உதறிக்கொண்டே படி இறங்குவாள்.

நூலகச் சுவர் என்றதும் அவள் சும்மா இருக்கவில்லை. தனக்கென்று ஒரு பாணியை உண்டாக்கியே தீருவது என்று சாப்பாட்டு மேசையில் கடை விரித்தாள். ஒரு வாரம் எல்லாவற்றையும் நீலத்திலேயே தீட்டினாள். அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து, கை கழுவுவதற்கு முன்னால் எட்டிப் பார்ப்பான்.

"மரம் ஏன் நீலமா இருக்கு? அதுக்குக் குளிருதா?"

"அது என்னோட ஸ்டைல்."

"சரி. மாடும் நீலமா இருக்கே, அதுவும் நீயா?"

அடுத்த வாரம் ஈரக் காகிதத்தில் உப்புத் தூவிப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக அழகாகத்தான் வந்தது. ஆனால் உப்பு தூவினால் யாருக்கும் அப்படித்தான் வரும். அதற்கடுத்து பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளித்தாள். சுவர், மேசை விரிப்பு, கணவனின் சாப்பாட்டுத் தட்டு எல்லாம் புள்ளியாயிற்று. அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே, "லிப்ட்ல ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொரு மாதிரி முறுக்குவான். மூடியத் தொறந்தாலே யார் பாத்த வேலைன்னு தெரிஞ்சுடும். ஆனா யாரும் உக்காந்து யோசிச்சு அப்படி முறுக்கல" என்றான்.

"நான் என்ன திருப்புளியா வெச்சிருக்கேன்" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவன் துடைத்த தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் வேலைக்கூடத்தில் ஒரு கூத்து நடந்தது. சுட்டு எடுத்த பற்களைத் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே யார் செய்தது, எந்த அச்சு என்று சீட்டு வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் புழுக்கமாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்தார். அடித்த காற்றில் சீட்டெல்லாம் பறந்து பெருக்கித் தள்ளிய குப்பையோடு போய்ச் சேர்ந்தது. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அவர் அசரவில்லை. தட்டை விளக்குக்குக் கீழே இழுத்து, இடுக்கியால் ஒவ்வொரு பல்லாக எடுத்து, "இது உன்னுது. இது அவனுது. இது உன்னுது" என்று ஆளாளுக்கு முன்னால் வைத்துக்கொண்டே போனார். அவள் முன்னால் வைத்ததெல்லாம் அவள் செய்ததுதான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்படி சார் தெரியுது? எல்லாமே வேற வேற வாய்க்குச் செஞ்சது. ஒன்ன மாதிரி இன்னொன்னு இல்லயே."

"ஓரத்தப் பாத்தாலே தெரியுமேம்மா. கீழ் ஓரத்துல நீ எப்பவும் ஒரு ஒத்து அதிகமா ஒத்தி எடுப்ப. அங்க மட்டும் வெளிச்சம் உள்ள போயிட்டு வரும்."

"அது தப்பா சார்?"

"தப்புன்னுதான் முதல்ல நினைச்சேன். எத்தனையோ தடவ சொன்னேன். நீயும் சரி சார், சரி சார்னுட்டு அதையேதான் செஞ்ச. இப்ப டாக்டருங்க அந்த ஓரம்தான் வேணும்னு கேட்டு அனுப்புறாங்க. அவங்களுக்கு உன்னைத் தெரியாது. ஓரத்தத் தெரியும்" என்றார் அவர், அடுத்த பல்லைத் தேடிக்கொண்டே.

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் மடித்த டிஷ்யூ இருந்தது. காலையிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. எப்போது எடுத்தாள் என்பதே நினைவில் இல்லை. பொடியில் தண்ணீர் தங்கினால் உலையில் வெடித்துவிடும். அதனால் பிரஷ்ஷால் ஒரு தொடுதல், டிஷ்யூவால் ஒரு ஒத்தல் என்று கை மாற்றி மாற்றிப் போகும். வலது கை பக்கத்துப் பல்லைப் பார்த்துச் செய்கிறது. இடது கை யாரையும் பார்ப்பதில்லை. அதைத்தான் இத்தனை நாளும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கி வைத்திருந்தாள். நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் விடுமுறை. பால்கனிக் கொடியில் கணவனின் வேலைச் சட்டைகள் மூன்று சொட்டிக்கொண்டிருந்தன. எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நீலத்தைத் தண்ணீரில் கரைத்து முதல் சட்டையைத் தீட்டினாள். இடது கை தானாக எழுந்து வந்து, சட்டையின் கீழ் ஓரத்தில் ஈரம் திரண்டு நின்ற இடத்தில் டிஷ்யூவை ஒத்தியது. நிறம் அங்கே மட்டும் இளகிக் காகிதத்தின் வெண்மைக்குள் கரைந்தது. அக்காவின் குரல் காதில் கேட்டது. கேட்கட்டும் என்று அடுத்த சட்டைக்குப் போனாள். கைப்பிடிச் சுவர், பூந்தொட்டி, எதிர்வீட்டு ஜன்னல் மறைப்பு என்று எதைத் தீட்டினாலும் அதன் கீழ் ஓரம் மெலிந்து, அதற்குப் பின்னால் யாரோ விளக்கு ஏற்றியதுபோல் வந்தது. யாரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை முடித்த பிறகுதான் கவனித்தாள்.

கணவன் பின்னால் வந்து நின்றான். கேலி வரும் என்று காத்திருந்தாள்.

"இந்தச் சட்டையில கிரீஸ் கறை போகவே இல்ல பாரு" என்றான். இன்னும் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. இதைக் கொண்டு போ" என்றான்.

"டிஷ்யூ வெச்சுப் பண்ணியிருக்கேன். அக்கா திட்டுவாங்க."

"திட்டட்டுமே. போன வருஷம் திட்டாமலேதான் அழுத."

'யார் கை' அன்று மாடியில் படங்கள் வரிசையாகத் தொங்கின. சுவரோரம், விற்பனைக்கு வைத்த பெரிய பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அது பிரேம் கடையின் பாதி வியாபாரம். சீட்டுகளை எழுதிப் போட்டார்கள். வெள்ளத்தின் படத்தை இந்தத் தடவை வெள்ளமே கண்டுபிடித்துவிட்டார். கோட்டின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கடைசியாகச் சட்டைப் படம் வந்தது. சீட்டைப் பிரித்துப் பிரித்துப் படித்தால், கண்ணாடி, கண்ணாடி, கண்ணாடி. ஒரு சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஜெயிச்சுட்டம்மா" என்றார் வெள்ளம்.

"கொஞ்சம் இருங்க" என்றார் பிரேம் அக்கா. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? சொல்லுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடுதான் மெல்ல, "மத்தவங்க படமெல்லாம் தெரிஞ்சுபோச்சு. மிச்சம் இருந்தது இவங்கதான்" என்றார்.

"அதான். மிஞ்சின பேரை எழுதுறது கண்டுபிடிக்கிறது இல்ல. வீட்டுல எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சின தட்டு யாருதுன்னு யாருக்கும் தெரியும்." அக்கா படத்துக்குக் கிட்டே போனார். "இதுல டிஷ்யூ வெச்சிருக்கா. எனக்குத் தெரியும். வெறும் சீட்டுப் போட்டது நான்தான். ஏன்னா, இந்த ஓரத்த நான் எங்கயோ பாத்திருக்கேன். இவ பழைய படத்துல இல்ல. வேற எங்கயோ. இதையும் யாரையோ பாத்துத்தான் பண்ணியிருக்கா."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அக்கா எங்கே பார்த்திருக்கிறார் என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. தினமும் காலையில் பல் துலக்கும்போது பார்த்திருப்பார். ஒரே ஒரு வார்த்தை போதும். 'அது உங்க வாய்க்குள்ளதான் இருக்குக்கா' என்று சொன்னால் சுவர் அவளுடையது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எட்டு முகங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை பேர் முன்னால் அக்காவின் பல்லை உடைத்துத்தான் அந்தச் சுவருக்குப் போக வேண்டுமா என்று நினைத்தாள்.  பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரையும் பாத்துப் பண்ணலக்கா" என்றாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

"கோவிச்சுக்காத. ஓரம் நல்லாத்தான் இருக்கு. உன்னுதுன்னு சொல்ல முடியல, அவ்வளவுதான்" என்று அக்கா அவளுக்குத் தாள் எடுத்துக் கொடுக்கத் திரும்பினார். போகிற வழியில் சாய்த்து வைத்திருந்த கண்ணாடி ஒன்றில் அவர் முகம் விழுந்தது. சமாதானமாகச் சிரித்துக்கொண்டிருந்த முகம். அக்கா நின்றார். இன்னும் கிட்டே போனார். மேலுதட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். திரும்பி அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னக்கா, பல்லுல ஏதாவது சிக்கியிருக்கா?" என்றார் வெள்ளம்.

அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. "நீ ஒரு கம்பெனியில வேலை பாக்குறேன்னியே. என்ன செய்யுற கம்பெனி?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு."

"பல்லுக்கா. பீங்கான் பல்லு."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.  அக்கா அப்படியே பேச்சை மாற்றிவிட்டால் தானும் ஒத்து ஊதிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அவள் நினைத்தாள். வேறு யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை. ஆனால் அக்கா கையை எடுத்துவிட்டு, முன்பல்லை நகத்தால் டொக்கு டொக்கென்று தட்டிக் காட்டினார்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது என்னோட பல்லு இல்ல. இந்த மாடிப்படியில உருண்டு உடைச்சுக்கிட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போயி இதைக் கட்டிக்கிட்டு வந்தேன். அந்த டாக்டருக்கே, யார் செஞ்சதுன்னு தெரியாது. எனக்குத் தெரியுது." படத்தை வாங்கிக் கொடியில் தொங்கும் சட்டையின் ஓரத்தை எல்லோருக்கும் காட்டினார். "இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒரே கை."

வெள்ளம் கிட்டே வந்து அக்காவின் வாயையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கோடும் வந்தார். அக்கா அசையாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு கர்வமான மனுஷி அப்படி நின்றதைப் பார்க்க அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றார் அக்கா.

"வந்த அன்னிக்கே."

"அன்னிக்குத்தானே உன் கையிலிருந்து டிஷ்யூவப் பிடுங்கிப் போட்டேன்."

"ஆமாக்கா."

"நீ ஒத்தி எடுத்த பல்ல வாயில வெச்சுக்கிட்டே டிஷ்யூ கூடாதுன்னு உங்கிட்ட சொல்லியிருக்கேன். நீயும் ஒரு வார்த்தை பேசாம இத்தனை நாளு கையைத் தொடைக்குக் கீழ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

அவள் தொடைக்கு அடியில் கை வைப்பதை அக்கா பார்த்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.  அக்கா படத்தைத் தாமே எடுத்துப் போய், நூலகத்துக்குப் போகும் படங்களோடு சாய்த்து வைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

எந்த வாய் திறந்தாலும் அவள் பார்வை முதலில் பல்லுக்குத்தான் போகும், தொழில் அப்படி. இப்போதும் போனது. ஓரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே ஒத்தி எடுத்துவிட்டிருந்தாள். இன்றைக்குச் செய்தால் இன்னும் நன்றாகச் செய்வாள். ஆனால் அவள் செய்தது என்பது பார்த்தாலே தெரிந்தது.